நான் சாப்பிட்டால் அவருக்கு நிறையும்

என் வீட்டுக்காரருக்கு வயிறு நிறைய வேண்டுமென்றால் நான் சாப்பிட வேண்டும். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். நானும் முதலில் சிரித்தவள்தான். ஆனால் டாக்டர் ஷஹீரா பானு இதைச் சிரிக்காமல்தான் எங்களிடம் சொன்னார்.

என் வீட்டுக்காரர் பெயர் மோகனசுந்தரம். ஈரோடு பெருந்துறை ரோட்டில் ஸ்கூட்டர்களுக்கு பேட்டரி மாற்றிக் கொடுக்கும் நிலையம் வைத்திருக்கிறார். பேட்டரியை இயந்திரமே கழற்றி இயந்திரமே மாட்டும். அவர் செய்ய வேண்டியதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்ப்பது. பார்க்கும்போது கையும் வாயும் சும்மா இருக்காது. சர்க்கரை வந்தது, ரத்த அழுத்தம் வந்தது, மாடிப்படி ஏறுவது நின்றுபோனது. கடைசியில் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இன்னும் சில வருஷம்கூடத் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள்.

"வயித்தச் சின்னதாக்கறது பெரிய வேலையில்லைங்க" என்றார் டாக்டர். "ஒரு வாழக்கா அளவுக்குத் தச்சு விட்டுருவோம். கஷ்டம் என்னன்னா, வயிறு சின்னதானது மூளைக்குத் தெரியாது. போதும்னு சொல்ற நரம்பு இவருக்குப் பேசறதையே விட்டுருச்சு."

"மெஷின் வெச்சுப் பேச வெக்க முடியாதுங்களா?" என்று கேட்டேன்.

"வெச்சுப் பார்த்தாச்சு. மெஷின் சொல்ற 'போதும்'ங்கறத மூளை ஒரு வாரத்துல கண்டுபிடிச்சிருது. அப்பறம் காதுலயே வாங்கறதில்ல. உசுருள்ள இன்னொருத்தர் வயித்துலருந்து வந்தாத்தான் நம்புது."

அதற்குத்தான் ஜோடிச் சில்லு. உளுந்தம்பருப்பு அளவில் இரண்டு சில்லுகள். ஒன்று என் கழுத்துக்குள், ஒன்று அவர் கழுத்துக்குள். நான் சாப்பிடச் சாப்பிட என் வயிறு நிறைகிற சேதி அவருக்குப் போகும். நான் எங்கே இருந்தாலும் போகும். அதைக் கேட்டுக் கேட்டு அவருடைய நரம்பு மறுபடி பேசக் கற்றுக்கொள்ளும் என்றார்கள்.

"கெடைச்ச ஆளையெல்லாம் ஜோடி சேர்க்க முடியாதுங்க. முன்னாடி பெரிய பணக்காரங்க சம்பளத்துக்கு ஆள் வெச்சாங்க. அந்த ஆள் காய்ச்சல்ல படுத்தாலும் எழுப்பி எழுப்பி ஊட்டியிருக்காங்க. அதுக்கப்பறம் சட்டம் வந்துருச்சு. ஒரே வீட்டுல, ஒரே சாப்பாடு சாப்பிடறவங்க மட்டும்தான் இப்ப ஜோடி. சாப்பாட்டு நேரத்துல நீங்க ரெண்டு பேரும் ஒரே எடத்துலதானே இருப்பீங்க?"

என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். "அதெல்லாம் ஒரு வேளை தவறுனதில்லைங்க."

அதில் பொய்யே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவருடைய ஒரு சாப்பாட்டை நான் தவறவிட்டதில்லை. சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் எப்போதும் இருந்திருக்கிறேன். அங்கே என்ன செய்துகொண்டிருப்பேன் என்று டாக்டர் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. ஆஸ்பத்திரியில் முதல் நாட்களில் வெறும் தண்ணீரும் பருப்புத் தண்ணியும்தான். நர்ஸ் இரண்டு சின்ன டம்ளர்களை ஒரே தட்டில் கொண்டுவந்து எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துக் குடிக்கச் சொல்லுவார். இரண்டாம் நாள், பாதி டம்ளர் குடித்ததும் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"போதும் கோகிலா" என்றார்.

பந்தியில் இலை எடுக்க வருகிறவர்கள் பொறுமையாக நின்று காத்திருக்கும் மனிதர் அவர். அந்தச் சொல்லை அவர் வாயால் அதற்குமுன் நான் கேட்டதில்லை. அவரே அதைக் கேட்டுத் திகைத்துப் போனார். "போதும்" என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் அழுதுவிட்டார். நானும் அழுதேன். நர்ஸ்தான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாம் தலைகீழாகிவிட்டது. மிக்சியில் அரைத்த அரிசியும்பருப்பும்தான் மத்தியானச் சாப்பாடு. ஆறு ஸ்பூனுக்குமேல் கூடாது என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். ஆறு ஸ்பூன் முடித்துவிட்டு, "நெறையவே இல்லையே" என்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். என் மாமியார் நாச்சம்மாள் அத்தைக்குப் பொறுக்காது.

"பச்சப் புள்ளைக்குக்கூட இதைவிட எச்சா ஊட்டுவாங்க. என்ற பையன் வயித்தக் காயப் போட்டே கொன்னுருவீங்களாட்டருக்குது" என்று இன்னும் இரண்டு ஸ்பூன் வைப்பார். அவரும் சாப்பிடுவார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் வெளியே வந்துவிடும். வாந்தி எடுத்துவிட்டு வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருப்பார். வேடிக்கை என்னவென்றால், பொழுது சாய்கிற நேரத்தில் புரதக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தால், "வேண்டாம், இப்பத்தான் நிறைஞ்சாப்பல இருக்குது" என்பார். சாப்பிட்டபோது வராத நிறைவு சாப்பிடாதபோது வந்தது.

டாக்டர் போனில் பதறினார். "இப்படி வாந்தி எடுத்துட்டே இருந்தா தையல் பிரிஞ்சிரும்ங்க. பிரிஞ்சா மறுபடி திறக்கணும். இவர் உடம்பு அதைத் தாங்காது. இன்னும் ஒரு வாரம் பார்ப்போம். சரியாகலைன்னா வந்து படுத்துருங்க, டியூப் வழியாத்தான் கொடுக்கணும்."

அந்த வாரம் எனக்குத் தூக்கமில்லை. சில்லு கெட்டுப்போய்விட்டதா, நான்தான் ராசியில்லாத ஜோடியா என்று யோசித்துக்கொண்டே வேலை பார்த்தேன்.

ஒரு மத்தியானம் பாத்திரமெல்லாம் துலக்கிப் போட்டுவிட்டு, அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றபடி, குக்கரின் அடியில் ஒட்டியிருந்ததைக் கரண்டியால் சுரண்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். ஒரு கை வயிற்றில் இருந்தது.

"நீ இப்பத்தான் சாப்புடறயா?"

"பின்ன எப்பங்க?"

"இன்னொரு வாய் சாப்புடு பாக்கலாம்."

சாப்பிட்டேன். அவர் கண்ணை மூடினார்.

"வருது. இன்னொண்ணு."

இன்னொரு வாய் சாப்பிட்டேன். அவர் முகத்தில் ஆஸ்பத்திரியில் பார்த்த அதே திகைப்பு. அந்த நேரம் பார்த்து அத்தை உள்ளேயிருந்து வெந்நீர் கேட்டார். நான் கரண்டியைக் குக்கருக்குள் போட்டுவிட்டு நகர்ந்தேன்.

"அய்யோ, எங்க போற? பாதில நிக்குது!" என்று கத்தினார். "அப்படியே அந்தரத்துல நிக்குது கோகிலா. நீ தெனமும் இப்படித்தான் பாதில போயிருவியா?"

"யாராச்சும் கூப்புடுவாங்க, போயிட்டு வருவேன். வந்து பார்த்தா பசி போயிருக்குங்க."

அவர் வயிற்றை மெல்லத் தடவிப் பார்த்தார்.

"போகலை அம்மிணி" என்றார். "அது எங்கயும் போகலை. இங்கதான் இருக்குது. எனக்குத் தெரியுது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. துக்கம் என்று சொல்ல முடியாது. என் வயிற்றைப் பற்றி எனக்கே தெரியாத ஒன்றை இன்னொரு ஆள் நின்று சொல்கிறாரே என்ற ஆச்சரியம்தான். அத்தைக்கு வெந்நீரை அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து குக்கரைக் காலி பண்ணினேன். முடித்தபோது கூடத்திலிருந்து அவர் ஏப்பம் விட்டது கேட்டது.

டாக்டரிடம் போனில் சொன்னேன்.

"ஒரே எடத்துல இருப்பீங்கன்னு சொன்னீங்களே?"

"ஒரே எடத்துலதாங்க இருப்போம். அவர் உக்காந்திருப்பார், நான் நின்னு பரிமாறுவேன். அவரும் அத்தையும் சாப்பிட்டு, பாத்திரம் ஒதுக்கினப்பறம் நான் சாப்பிடுவேன்."

டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியாமல் சிரித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "என்கிட்ட இத்தனை பெரிய மெஷின் இருக்குதுங்க. இந்த ஒரு விஷயம் அதுல தெரியலையே. சரி, கவனமாக் கேளுங்க. நீங்க சாப்பிட ஆரம்பிச்சுக் கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் சேதி முழுசா அவருக்குப் போகும். அதனால சேர்ந்து உக்காந்தாக்கூடப் பத்தாது. நீங்கதான் முதல்ல ஆரம்பிக்கணும். உக்காந்து, மெதுவா, மென்னு, நிறையற வரைக்கும். பாதில எந்திரிக்கக் கூடாது. இது அவருக்கு மருந்து."

மருந்து என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் மரியாதை உண்டு. அத்தைகூட அதை எதிர்த்துப் பேச மாட்டார். இருந்தாலும் முதல் நாள் நான் தட்டைப் போட்டுக்கொண்டு மேஜையில் உட்கார்ந்ததும் அத்தை முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

"புருசன் வெறுந்தட்ட வெச்சுட்டுப் பார்த்துட்டிருக்கறப்ப நீ பாட்டுக்குத் தின்னா, அது தொண்டைல எறங்குமா கண்ணு?"

நன்றாக இறங்கியது. அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. சூடாக இருக்கும்போது ரசத்துக்கு இப்படி ஒரு வாசனை இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. உட்காரத்தான் வரவில்லை. யாராவது தும்மினால் எழுந்துவிடுவேன். அவர் என் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைப்பார். தண்ணீர் செம்பை அவரே எடுத்துவந்தார். அப்பளம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் சமையலறையில் எல்லா டப்பாவையும் திறந்து பார்த்தார். ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார். நான் பாதி சாப்பிட்டதும் அவர் தன் ஆறு ஸ்பூனை ஆரம்பிப்பார். ஐந்தாவது ஸ்பூனில் நிறுத்திவிடுவார். வாந்தி அடியோடு நின்றது.

அதன்பிறகு அவர் இளைத்த வேகம் இருக்கிறதே! மோதிரம் விரலில் நிற்கவில்லை. பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தலைமுடி கொஞ்சம் கொட்டியது, அது திரும்ப வளரும் என்று டாக்டர் சமாதானம் சொன்னார். ஒருநாள் மாடிக்குப் போய் என் துணிகளைக் காயப்போட்டுவிட்டு, மேலிருந்து என்னைக் கூப்பிட்டுக் கையசைத்தார். தெருவே பார்த்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

இன்னொன்றும் நடந்தது. கொஞ்சமாகச் சாப்பிடுவதால் மென்று சாப்பிட வேண்டியிருந்தது. மென்றதால் ருசி தெரிந்தது. "இத்தன வருசமா நான் சாப்பாட்ட முழுங்கித்தான் இருக்கறேன், சாப்பிட்டதே இல்ல" என்றார். கடுகுக்குத் தனி ருசி இருக்கிறது என்று ஒரு நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பாட்டின்மேல் இருந்த ஆசையெல்லாம் எங்கே போகும்? சமையல் பக்கம் திரும்பியது. ஞாயிற்றுக்கிழமை அவரே சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பால் ஊற்றி, என் முன்னால் வைத்துவிட்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் நிறைய நிறைய அவர் முகம் மலரும்.

எல்லாமே சுகம் என்று சொல்ல மாட்டேன். சில்லு கழுத்துக்குள் வந்தபிறகு எனக்கென்று ஒரு ரகசியத் தீனி கிடையாது. பக்கத்து வீட்டுக்காரியோடு கடைவீதிக்குப் போய் ஒரு தட்டுக் காளான் சாப்பிட்டு, ருசியாக இருக்கவே இன்னொரு தட்டும் சாப்பிட்டேன். கை கழுவுவதற்குள் போன் வந்துவிட்டது.

"எங்க இருக்கற?"

"மஞ்சத்தூள் வாங்க வந்தேனுங்க."

"மஞ்சத்தூளையா தின்ன? எனக்குக் கழுத்து வரைக்கும் நிக்குது. கஞ்சி எறங்க மாட்டீங்குது."

கிருத்திகை விரதத்தை விட்டேன். நான் பட்டினி கிடந்தால் அவருக்கு அன்றைக்கு எல்லையே தெரியாது. அதைவிடப் பெரிய இழப்பு, கோபம் வந்தால் சாப்பிடாமல் படுத்துக்கொள்ளும் என் பழைய ஆயுதம். இத்தனை வருஷம் அதை வீசி ஒரு ஈயைக்கூட அசைக்க முடிந்ததில்லை. இப்போதோ வீசினால் நேராக அவர் தையலில் போய்ப் பாயும். அதனால் சண்டை போட்டுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டே உட்கார்ந்து முழுச் சாப்பாடும் சாப்பிடுவேன். வயிறு நிறைந்தபிறகு கோபம் அவ்வளவு நேரம் நிற்பதில்லை என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தேன்.

ஆபரேஷன் முடிந்து எட்டு மாசமிருக்கும். அவர் தம்பி மகளுக்குப் பெருந்துறையில் கல்யாணம். பெண்ணுக்கு நான் பெரியம்மா. விடிந்ததிலிருந்து மண்டபத்தில் நின்ற கால் மாறாமல் வேலை. பெண் வீட்டுப் பொம்பளைகள் கடைசிப் பந்தியில்தான் உட்காருவோம், அதுவும் மிச்சம் மீதி இருப்பதைப் பார்த்துக்கொண்டு. அவர் முதல் பந்திக்குப் போக மாட்டார், நான் உட்காரும்போது உட்காருவார் என்று காலையிலேயே பேசி வைத்திருந்தோம்.

நான் பாயச வாளியோடு திரும்பிப் பார்த்தால், அவர் முதல் பந்தியில் மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

"பெரியவரு கையப் புடிச்சு உக்கார வெச்சுட்டாருங்க" என்றான் பரிமாறுகிற ஆள்.

மாப்பிள்ளையின் அப்பா உபசாரத்தில் பெரிய கை. "வெய்யுங்க, இன்னொரு ஒப்புட்டு வெய்யுங்க. நெய்ய நல்லா ஊத்துங்க. சம்பந்தி நெம்ப எளச்சுப் போயிட்டாரு" என்று இவர் இலையைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். பருப்பும் வெல்லமும் வைத்த ஒப்புட்டு ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தது. மறுத்தால் பெண் வீட்டார் முகம் சுளித்த மாதிரி ஆகும். இவர் ஒன்றை எடுத்து வாயில் வைத்தார். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, மெதுவாக வயிற்றில் கை வைத்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. காலையிலிருந்து ஒரு காப்பிதான் என் வயிற்றில். அங்கேயிருந்து எந்தச் சேதி போய் அவரை நிறுத்தப் போகிறது? ஒப்புட்டும் நெய்யும் அந்த வாழைக்காய் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தையல், தியேட்டர், டாக்டரின் குரல் எல்லாம் கண்முன் வந்தன.

வாளியைக் கீழே வைத்தேன். பந்திக்குள் நடந்துபோய், அவருக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம், "சித்தெ தள்ளி உக்காருங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

"எனக்கு எலை போடுங்க."

பரிமாறுகிறவன் சம்பந்தியைப் பார்த்தான். சம்பந்தி என்னைப் பார்த்தார். எதிர்ச் சுவர் ஓரமாக நின்றிருந்த அத்தையின் பக்கம் நான் திரும்பவே இல்லை. இலை வந்தது. ஒப்புட்டை எடுத்துப் பிட்டு நெய்யில் தோய்த்து வாயில் போட்டேன். பயத்தில் போட்டதுதான், ஆனால் ருசி பயத்தைக் கேட்கவில்லை. முதல் பந்திச் சாப்பாடு என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எல்லாமே சூடு, எல்லாமே முழுசு, பொரியலில் தேங்காய் தீர்ந்துபோகவில்லை. நான் சாப்பிட்டேன். நன்றாகச் சாப்பிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் என் பக்கத்தில் ஒரு கை இலையை மறைத்தது.

"போதுங்க சம்பந்தி. நிறைஞ்சுருச்சு" என்றார் என் வீட்டுக்காரர்.

அப்போதுதான் அத்தை வந்து என் பின்னால் நின்றார். நான் வாயில் இருந்ததை மெல்லாமல் காத்திருந்தேன்.

"தள்ளி உக்காரு" என்றார். "எனக்கும் ஒரு எலை போடச் சொல்லு. காலைலருந்து நின்னு காலு கடுக்குது."

அத்தை உட்கார்ந்தபிறகு யார் என்ன சொல்ல முடியும்? பெண்ணின் அம்மா வந்தாள். சின்ன நாத்தனார் வந்தாள். முதல் பந்தி நீண்டுகொண்டே போனது. ஆண்கள் சிலர் எழுந்து வாளியைத் தூக்கினார்கள். சாம்பாரை இலைக்கு வெளியேதான் ஊற்றினார்கள், போகட்டும்.

வருஷம் திரும்பியதும் மறுபடி கோயம்புத்தூர் போனோம். அவர் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்தபோது டாக்டர் ஷஹீரா பானு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீங்களும் நல்லாத் தேறியிருக்கீங்க. உங்க சில்லையும் இன்னைக்கே எடுத்துரலாமா?"

"என்னதையுமா? அதை எடுத்துட்டா அவருக்கு எப்படிங்க..."

டாக்டர் திரையிலிருந்து தலையைத் தூக்கினார். "அவருதை ஆறாவது மாசமே நிறுத்தியாச்சேங்க. அவர் நரம்பு நல்லாக் கத்துக்கிச்சு. இப்ப அதுவே பேசுது. அன்னைக்குத் தனியா வந்திருந்தார். வீட்ல நானே சொல்லிக்கறேன்னாரே. சொல்லலையா?"

ஆறாவது மாசம். அதற்குப் பிறகு எத்தனை வேளை என் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து, "நீ ஆரம்பி, அப்பத்தான எனக்கு வரும்" என்று காத்திருந்திருக்கிறார்! கல்யாணம் அதற்குப் பிறகுதான். கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து வயிற்றில் கை வைத்த அந்த முகத்தை நினைத்தேன். நான் வாளியைக் கீழே வைக்கிற வரைக்கும் அவர் அந்தக் கையை எடுக்கவே இல்லை. திருட்டு மனுஷன்! அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது.

"என் சில்லு இருக்கட்டுங்க. தொந்தரவு ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அவர் வராந்தாவில் முழங்கைப் பஞ்சை அழுத்திக்கொண்டு நின்றிருந்தார். என்னைக் கண்டதும் முகத்தில் ஒரு கலவரம்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"ஜோடிச் சில்லு இன்னும் வேலை செய்யணுமாம். நான் முதல்ல உக்காந்து சாப்பிட்டாத்தான் உங்களுக்கு நிறையுமாம்."

அவர் என்னையே பார்த்தார்.

"டாக்டரா சொன்னாங்க?"

"டாக்டர்தாங்க."

"எத்தன நாளைக்காம்?"

"காலம்பூராவும்ங்கறாங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மீசை மட்டும் ஆடியது. "டாக்டர் சொன்னாக் கேட்டுத்தான ஆகோணும்" என்றார்.

கேன்டீனில் ஒரு நெய் ரோஸ்ட், ஒரே ஒரு இட்லி என்று அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ரோஸ்ட் என் முன்னால் வந்தது. அவர் இட்லியைத் தொடாமல் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவசரப்படவே இல்லை. ஓரத்திலிருந்து ஆரம்பித்து முழு ரோஸ்ட்டையும் சாப்பிட்டு முடித்தேன்.